பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கிறான், பெல்ட் "உட்கார்ந்தே இருக்கிறான்" என்கிறது. எதை நம்புவது?

வளவுவீட்டு மருமகள், கானாடுகாத்தான்

வணக்கம். இதைக் குழந்தை வளர்ப்புப் பகுதியில் போடுவதா, உடல்நலப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. நிர்வாகி இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மகனுக்கு மூன்றரை வயது. அவன் போகும் மழலையர் பள்ளி மூலமாக ஓர் ஆய்வு மாணவி வந்தார். சின்னப் பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு தூங்குகிறார்கள் என்று அளக்கிறார்களாம். தீப்பெட்டி அளவில் ஒரு சிவப்புப் பெட்டி. அதை எலாஸ்டிக் பட்டையில் கோத்து, வலது இடுப்பெலும்பின் மேல் வருமாறு கட்டிவிட்டார். குளிக்கும்போது மட்டும் கழற்ற வேண்டும், இரவிலும் கட்டியே இருக்க வேண்டும், ஒரு வாரம். கூடவே ஒரு தாள். காலையில் எழுந்த நேரம், இரவு படுத்த நேரம், டிவியும் செல்போனும் பார்த்த நேரம் எழுதித் தர வேண்டும்.

போன வாரம் முடிவு வந்தது. சராசரியாக ஒரு நாளுக்கு:

உட்கார்ந்திருந்தது 8 மணி 50 நிமிடம்
லேசான அசைவு 3 மணி
மிதமான, தீவிர அசைவு 34 நிமிடம்
இரவுத் தூக்கம் 8 மணி 10 நிமிடம்

கீழே ஒரு வரி: "தீவிர அசைவும் தூக்கமும் பரிந்துரைத்த அளவை எட்டவில்லை."

எங்கள் வளவு முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளமான வீடு. இவன் காலையில் கண் விழித்தால் அந்த நீளத்தை அளந்துகொண்டுதான் இருப்பான். தாளைப் படித்துக் காட்டியதும் அப்பத்தா, "இவனா உட்கார்ந்திருந்தான்? இவனுக்குச் சோறு ஊட்டி என் முட்டிதான் தேய்ந்தது, பெல்ட்டைப் பேசச் சொல்லு பார்ப்போம்" என்று பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்புதான். ஆனால் தூக்கம் 8 மணி என்று போட்டிருப்பது மனதை அரிக்கிறது. இந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூரான்

தங்கச்சி, அப்பத்தா பக்கம் நான். எங்கள் வீட்டில் மகளுக்கு ஒரு கைப்பட்டை வாங்கிக் கட்டினோம், அடி எண்ணுகிற வகை. முற்றத்தில் உட்கார்ந்து மணலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். நடந்ததாகக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. பொம்மை வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தாள், அப்போது எண்ணிக்கை நகரவில்லை. அன்றே கழற்றிவிட்டேன். நம் காலத்தில் எந்தப் பெட்டி இருந்தது?

அளவுகோல்

வணக்கம். நான் உடற்கல்வித் துறையில் இதே வகைத் தரவோடு மல்லுக்கட்டுகிறவன். வேறு ஊர், வேறு ஆய்வு. பதில் எழுதும் முன் சில கேள்விகள்.

நீங்கள் கொடுத்த நான்கு எண்களையும் கூட்டினால் 20 மணி 34 நிமிடம்தான் வருகிறது. மீதி 3 மணி 26 நிமிடம் எங்கே போனது? குளிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

பகலில் தூங்குவானா? தாளில் பகல் தூக்கத்துக்குக் கட்டம் இருந்ததா?

முடிவுத் தாளின் அடியில் எங்காவது "60 நொடி" அல்லது "15 நொடி" என்று இருக்கிறதா பாருங்கள்.

வளவுவீட்டு மருமகள், கானாடுகாத்தான்

கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே.

சாயங்காலம் 5 மணி வாக்கில் குளிக்க வைப்போம். வேர்வையில் பட்டை பட்ட இடம் தடித்துச் சிவந்திருந்தது. அதனால் அப்பத்தா பவுடர் போட்டு, "காற்றாடட்டும்" என்று விட்டுவிடுவார். இரவுச் சாப்பாடு முடிந்துதான் திரும்பக் கட்டுவோம். அந்த மாணவியிடம் இதைச் சொன்னோம், தோல்தான் முக்கியம், கழற்றியே வையுங்கள் என்றார்.

பகலில் சாப்பிட்டதும் தூங்குவான். ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு. தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அடியில் பொடி எழுத்தில் "60 நொடி" என்று இருக்கிறது.

அளவுகோல்

கதை கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருப்பது ஆக்சலரோமீட்டர். செல்போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்கிற அதே உறுப்பு. இடுப்பு எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் அசைந்தது என்று நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்ளும். அதற்குப் பிள்ளையும் தெரியாது, வளவும் தெரியாது, தெரிந்தது அசைவு மட்டும். அந்தக் குறிப்புகளைச் சுருக்கி "கவுண்ட்" என்று ஓர் எண்ணாக்குவார்கள். அப்புறம் இத்தனை கவுண்டுக்குக் கீழே உட்கார்ந்தது, இத்தனைக்கு மேலே தீவிரம் என்று கோடு போடுவார்கள். கோடு போடுவது மனிதர்கள். அங்கேதான் முதல் சிக்கல்.

உதாரணத்துக்கு, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்காக 2006ல் பேட் குழுவினர் வெளியிட்ட கோட்டின்படி, 15 நொடியில் 420 கவுண்ட் வந்தால் மிதமான அசைவு. 2008ல் ஈவன்சன் குழுவினர் 5 முதல் 8 வயதுக்காரர்களை வைத்துப் போட்ட கோடு 574. உங்கள் பிள்ளை ஒரு 15 நொடியில் 500 எடுத்திருந்தால், முதல் கோட்டில் பாஸ், இரண்டாவதில் பெயில். பிள்ளை ஓடியது ஒரே ஓட்டம்தான்.

அடுத்து அந்த 60 நொடி, அதாவது எத்தனை நொடிக்கு ஒருமுறை கவுண்டைக் கூட்டிப் பார்க்கிறார்கள் என்பது. அவன் முகப்பிலிருந்து பின்கட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடுகிறான், பத்து நொடி. அந்த 15 நொடியில் 600 கவுண்ட் என்று வையுங்கள். அங்கே அடுப்படி வாசலில் நின்று சீடையை மெல்லுகிறான். அடுத்த மூன்று 15 நொடிகளில் 30, 10, 20. பதினைந்து பதினைந்தாகப் பார்த்தால் ஒரு துண்டு நல்ல ஓட்டம். நிமிடமாகக் கூட்டினால் 660. நிமிடத்துக்கான கோடோ 420ஐ நான்கால் பெருக்கியது, அதாவது 1,680. ஆக அந்த நிமிடம் முழுவதும் "லேசான அசைவு" என்று போய்விடும். ஒரு சிட்டிகை உப்பைக் குடத்துத் தண்ணீரில் கரைத்த கதை.

சின்னப் பிள்ளைகள் ஓடுவது இப்படித்தான், விட்டு விட்டு. 1995ல் பெய்லி குழுவினர் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை 3 நொடிக்கு ஒரு தடவை பார்த்துக் குறித்தார்கள். தீவிரமான ஓட்டம் ஒன்று பெரும்பாலும் 3 நொடிதான் நீடித்தது. லேசானதும் மிதமானதும் 6 நொடி. 15 நொடிக்கு மேல் தொடர்ந்த தீவிர ஓட்டம் மிக அபூர்வம். நம் மழலைகள் அதைவிடச் சின்னவர்கள். அவர்களை நிமிடக் கணக்கில் அளந்தால் ஓட்டம் கரைந்துதான் போகும். அதனால்தான் இந்த வயதில் 15 நொடியோ 5 நொடியோ வைக்கிறார்கள்.

மூன்றாவது பகல் தூக்கம். பெல்ட் கட்டியபடி பிள்ளை தூங்கினால் கவுண்ட் கிட்டத்தட்டப் பூச்சியம். தாளில் "தூங்கினான்" என்று யாரும் எழுதாவிட்டால் கணினி என்ன செய்யும்? உட்கார்ந்திருந்தான் என்று சேர்த்துக்கொள்ளும். இல்லையென்றால், தொடர்ந்து 20 நிமிடம் பூச்சியமாக இருந்தால் கழற்றி வைத்ததாக எடுத்து வீசிவிடும், பல ஆய்வுகளில் அப்படி ஒரு விதி உண்டு. உங்கள் மகன் புரண்டு படுக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், அதனால் உட்கார்ந்த கணக்கில் விழுந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஆய்வாளர்கள் உட்கார்ந்த நேரம் என்று வரையறுப்பது விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ கிடப்பதைத்தான். தூக்கம் அதில் சேரவே கூடாது.

நான்காவது, மாலை 5 மணியிலிருந்து பெட்டி அலமாரியில். வெயில் தாழ்ந்து பிள்ளைகள் தெருவில் இறங்குகிற நேரம் அதுதானே?

மாணவியிடம் 15 நொடிக் கோப்பு பெரும்பாலும் இருக்கும். நாள்வாரியாகப் பகல் தூக்க நேரத்தை எழுதிக் கொடுத்து, திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நல்ல மாணவியாக இருந்தால் மகிழ்ச்சியாகவே செய்வார்.

கோட்டையூரான்

ஆக பெல்ட் பொய் சொல்கிறது என்பதைத்தான் இத்தனை பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள்.

அளவுகோல்

இல்லை அண்ணே. அப்பத்தா கண்ணும் முழுக் கணக்குச் சொல்லாது. பிள்ளை ஓடும்போது நாம் பின்னால் ஓடுகிறோம், அது நினைவில் தங்கும். திண்ணையில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் நாம் வேறு வேலை பார்த்திருப்போம், அது தங்காது. பெற்றோரைக் கேட்டு எழுதும் படிவங்களில் தூக்கமும் கூடுதலாகத்தான் வரும், படுத்த நேரத்தையே தூங்கிய நேரமாக நாம் சொல்லிவிடுகிறோம். கண்ணால் பார்த்து எழுதுவதும் ஒரு முறைதான், ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி

கண்ணால் பார்ப்பதைப் பற்றி நான் சொல்லலாம். பால்வாடியில்தான் என் காலம் போனது. 3 வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வரை உள்ள பிள்ளைகள்.

மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரித்துப் படுக்க வைத்தால் முன்வரிசை தூங்கிவிடும். நடுவில் இரண்டு பிள்ளைகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கால் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும், அது நடிப்பு. சுவர் ஓரத்தில் ஒரு பிள்ளை அசையவே அசையாது, ஆனால் கண் திறந்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பெல்ட்டைக் கட்டினால் முன்வரிசையில் தூங்கிய பிள்ளையையும் சுவர் ஓரத்துப் பிள்ளையையும் ஒன்றாகத்தானே போடும்?

இன்னொன்று. நம் பிள்ளைகள் நாற்காலியில் உட்காருவதில்லை. குத்தவைப்பார்கள், மண்டியிடுவார்கள், தவழ்ந்துகொண்டே கார் உருட்டுவார்கள், அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டு படம் போடுவார்கள். இதில் எது உட்கார்ந்தது, எது அசைந்தது? மேலே இருந்து பார்க்கும் எனக்கே சொல்ல வராது.

மருமகளுக்கு ஒரு வார்த்தை. 8 மணி என்று போட்டதற்காகப் பிள்ளையை எழுப்பி எழுப்பிப் பார்க்காதே அம்மா.

அளவுகோல்

ஆச்சி, அந்தச் சுவர் ஓரத்துப் பிள்ளைதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. தூக்கத்துக்கான கணக்கு முறைகளில் அதிகம் புழங்குவது 1994ல் சாதே குழுவினர் தந்தது. அதுவும் அசைவைத்தான் நம்புகிறது. அசையாமல் விழித்திருந்தால் தூக்கம் என்று எழுதும். தூக்கத்தில் உருளும் பிள்ளையை விழிப்பு என்று எழுதும். உண்மையாகத் தூங்கியதா என்று பார்க்க வேண்டுமென்றால் தலையில் கம்பிகள் ஒட்டி மூளை அலை, கண் அசைவு, மூச்சு எல்லாம் பதிவு செய்ய வேண்டும். அது ஆய்வுக்கூடத்து வேலை. வீட்டில் ஒரு வாரம் பார்க்க முடியாது.

குத்தவைப்பதும் அப்படித்தான். இடுப்பில் கட்டுவதற்குப் பதில் தொடையில் ஒட்டுகிற கருவி ஒன்று உண்டு. தொடை படுக்கையாக இருந்தால் உட்கார்ந்தது அல்லது படுத்தது, செங்குத்தாக இருந்தால் நின்றது. நிற்பதையும் உட்காருவதையும் பிரிப்பதில் இடுப்புப் பெட்டியைவிட இது கெட்டி. இடுப்புப் பெட்டி சும்மா நிற்கிற பிள்ளையையும் உட்கார்ந்த கணக்கில் சேர்த்துவிடும். ஆனால் குத்தவைத்தால் தொடை கிட்டத்தட்டப் படுக்கை ஆகிவிடுகிறது, தொடைக் கருவி அதை நாற்காலியில் உட்கார்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். கோலி விளையாடும் பிள்ளையின் கணக்கு அம்போ.

பயிற்சி பெற்றவர்கள் பார்த்து எழுதும் முறையில் 5 நொடி பார்ப்பார்கள், 25 நொடி எழுதுவார்கள், திரும்ப 5 நொடி. எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது, என்ன நிலை, எவ்வளவு வேகம் எல்லாம் வரும். பெல்ட் தராத தகவல் இது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் வேண்டும், இரவில் முடியாது.

தூளிக்காரி, புதுவயல்

இடையில் நுழைகிறேன். எங்கள் மகளுக்குப் பத்து மாதம். அதே மாதிரி ஒரு கருவியைக் கணுக்காலில் கட்டச் சொல்லி வேறொரு இடத்தில் கேட்டார்கள். இவள் தூங்குவது பழைய கண்டாங்கிச் சேலைத் தூளியில்தான். ஆட்டாவிட்டால் தூங்க மாட்டாள். தூளி ஆடினால் கருவியும் ஆடுமே, அதை என்ன செய்வார்கள்?

அளவுகோல்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். தூளி, இடுப்பில் தூக்கி வைத்து நடப்பது, வண்டிப் பயணம் மூன்றும் பிள்ளையின் அசைவு அல்ல, ஆனால் கருவி அவற்றைப் பிள்ளையின் பேரில் எழுதும். தூளியில் நன்றாகத் தூங்கிய பிள்ளையை விழித்திருந்ததாகக் காட்டலாம். தூளியை ஆட்டிய நேரத்தையும், ஆட்டுவதை நிறுத்திய நேரத்தையும் தாளில் தனியாக எழுதுங்கள். அவர்களுடைய தாளில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். மேல்நாட்டுத் தொட்டிலை மனதில் வைத்துச் செய்த படிவங்களில் நம் தூளி இருக்காது.

பெரிய பிள்ளைகளுக்கு ஊஞ்சல். இது கொஞ்சம் வேடிக்கை. நம் வீடுகளில் தொங்கும் பலகை ஊஞ்சலுக்குச் சங்கிலி நீளம். 3 மீட்டர் சங்கிலி என்றால் ஒரு தரம் போய்வர ஏறத்தாழ மூன்றரை நொடி ஆகும். பரவலாகப் புழங்கும் கருவிகளில் ஒரு வடிகட்டி உண்டு. நொடிக்குக் கால் முறையிலிருந்து இரண்டரை முறை வரை நிகழும் அசைவைத்தான் மனித அசைவென்று எடுத்துக்கொள்ளும். இந்த ஊஞ்சல் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. அதனால் பெரியவர்கள் மெல்ல ஆட்ட, பிள்ளை சும்மா உட்கார்ந்து போனால் பெரிதாக ஏறாது. பிள்ளையே காலால் தரையை உந்தி ஏறி இறங்கினால்தான் கணக்கு ஏறும்.

செக்காலை வாடகைவீடு

எல்லோரும் வளவும் ஊஞ்சலும் பேசுகிறீர்கள். காரைக்குடியில் மாடியில் ஓர் அறை, ஓர் அடுப்படி என்று இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு ஓட நீளம் ஏது? கீழே வீட்டுக்காரர் "தடதடக்காதே" என்பார். அவர்களையும் இதே கோட்டால் அளந்து "எட்டவில்லை" என்று தாள் கொடுப்பார்களா? அந்தப் பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, கல்யாணத்துக்குத்தான் திறக்கிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

அளவுகோல்

நியாயமான கோபம். உண்மையில் இந்தக் கருவிகளின் நல்ல பயன் அங்கேதான் இருக்கிறது. ஒரே பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவை அவ்வளவு தோதில்லை. ஆனால் மாடி வீட்டுப் பிள்ளைகள் நூறு பேர், முற்றம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நூறு பேர் என்று ஒரே கருவி, ஒரே கோடு, ஒரே நொடிக் கணக்கில் அளந்தால் இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். "இந்தத் தெருவுக்கு ஒரு திடல் வேண்டும்" என்று கேட்பதற்கு அது ஆதாரம். ஆஸ்திரேலியாவின் வொல்லங்கொங் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் சன்ரைஸ் ஆய்வில் பல நாடுகளில் 3, 4 வயதுப் பிள்ளைகளை ஒரே முறையில் அளப்பது இதற்காகத்தான்.

தேவகோட்டை குழந்தை மருத்துவர்

இழை முழுவதையும் படித்தேன். அந்தப் "பரிந்துரைத்த அளவு" என்ன என்று யாரும் எழுதவில்லை, எழுதிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெளியிட்டது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 2017லேயே இப்படி 24 மணி நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழிகாட்டுதல் கொண்டுவந்துவிட்டன. 3, 4 வயதுக்கு: நாள் முழுவதும் சிதறலாக 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடமாவது மிதமானதோ தீவிரமானதோ. தூக்கம் 10 முதல் 13 மணி, பகல் தூக்கத்தையும் சேர்த்து. உட்கார்ந்து திரை பார்ப்பது 1 மணிக்கு மேல் வேண்டாம். 1, 2 வயதுக்கு 180 நிமிட அசைவு, தூக்கம் 11 முதல் 14 மணி. 1 வயதில் திரையே வேண்டாம்.

புதுவயல் தாய்க்கு: 4 முதல் 11 மாதம் வரை தூக்கம் 12 முதல் 16 மணி, பகலிரவு சேர்த்து. இன்னும் தவழாத பிள்ளையை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுவது நாளில் மொத்தம் 30 நிமிடமாவது வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டி உட்கார வைப்பது ஒரே மூச்சில் 1 மணிக்கு மேல் கூடாது.

"பகல் தூக்கத்தையும் சேர்த்து" என்பதைக் கானாடுகாத்தான் தங்கை கவனியுங்கள். படிவத்தில் கட்டம் இல்லாமல் 10 மணியோடு ஒப்பிட்டது பிழை. உங்கள் மகன் பகலில் தூங்குவதைச் சேர்த்தால் 10 மணிக்கு அருகில் வந்துவிடுவான். நான் கேட்பது வேறு: குறட்டை விடுகிறானா, வாய் திறந்து மூச்சு விடுகிறானா, காலையில் எழுந்ததும் சிணுங்குகிறானா? இவை இருந்தால் நேரம் எத்தனை என்றாலும் ஒருமுறை காட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளை மடித்து வையுங்கள்.

திரை நேரத்தை எந்தப் பெல்ட்டும் அளக்காது, நீங்கள் எழுதுவதுதான். இங்கே வீடுகளில் விடுபடுவது சோறு ஊட்டும்போது கையில் கொடுக்கும் செல்போன். "அது சாப்பாட்டு நேரம் டாக்டர்" என்பார்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் ஐயாவோடு வீடியோ காலில் பேசுவதைச் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 2022ல் வெளியான இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது, உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. ஐயாவோடு பேசலாம். பேசி முடித்ததும் அதே செல்போனில் பாட்டு ஓடத் தொடங்கினால் அது திரைதான்.

கோட்டையூரான்

டாக்டர், குறட்டை விஷயம் எங்கள் மகளுக்கு இருக்கிறது. சளி என்று விட்டுவிட்டோம்.

தேவகோட்டை குழந்தை மருத்துவர்

சளி இல்லாத நாளிலும் இருந்தால், தூங்கும்போது ஒரு நிமிடம் செல்போனில் பதிவு செய்து எடுத்து வாருங்கள், சட்டையைத் தூக்கி நெஞ்சு தெரிகிற மாதிரி. உங்கள் பகுதிக் குழந்தை மருத்துவரிடமே காட்டலாம்.

நிர்வாகி

இழை "குழந்தை வளர்ப்பு" பகுதிக்கு மாற்றப்பட்டது. கருவி விற்பனை இணைப்புகள் இரண்டு நீக்கப்பட்டன. தனிப்பட்ட மருத்துவ விவரங்களைப் பொதுவில் எழுத வேண்டாம்.

வளவுவீட்டு மருமகள், கானாடுகாத்தான்

எல்லோருக்கும் நன்றி. அந்த மாணவியிடம் பேசினேன். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். "படிவம் வேறு ஊரில் செய்தது அக்கா, நானே கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். பள்ளி விடும் நேரமும், அவன் தூங்குவதற்குள் நான் அடுப்படியை ஒதுக்கி முடிக்கும் நேரமும் எனக்கு நினைவிருந்ததால் நாள்வாரியாகப் பகல் தூக்கத்தை எழுதிக் கொடுத்தேன். 15 நொடிக் கோப்பை வைத்துத் திரும்பப் போட்டார்.

மிதமான, தீவிர அசைவு 58 நிமிடம்.
லேசானது 2 மணி 6 நிமிடம்.
உட்கார்ந்தது 7 மணி 30 நிமிடம்.
தூக்கம் இரவு 8 மணி 10, பகல் 1 மணி 50, ஆக 10 மணி.

அண்ணே, ஒன்று புரியவில்லை. ஓட்டம் கூடியது சரி. முன்பு 8 மணி 50ல் பகல் தூக்கம் 1 மணி 50ஐக் கழித்தால் உட்கார்ந்தது 7 மணிதானே வர வேண்டும்? ஏன் ஏழரை?

அப்பத்தா இந்த முறை தாளை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏழரையா?" என்று மட்டும் கேட்டார். சனியை நினைத்துச் சொன்னாரா, நேரத்தையா என்று தெரியவில்லை.

அளவுகோல்

நீங்கள் கழித்தது சரி. நிமிடமாகக் கூட்டும்போது இரண்டு ஓரமும் நடுவில் போய் விழும். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் சும்மா இருந்த நிமிடம் மொத்தமும் "லேசானது" ஆகிவிடும். சின்னத் துண்டாக வெட்டினால் ஓட்டமும் வெளியே வரும், நடுநடுவே அவன் சும்மா இருந்ததும் வெளியே வரும். அதனால்தான் லேசானது 3 மணியிலிருந்து 2 மணி 6 ஆகச் சுருங்கியது. அந்த 54 நிமிடத்தில் 24 ஓட்டத்துக்குப் போயிற்று, 30 உட்கார்ந்ததற்குப் போயிற்று. அப்பத்தா பாதி ஜெயித்தார், பெல்ட் பாதி.

மொத்த அசைவு 3 மணி 4 நிமிடம், 180க்கு 4 நிமிடம் மேலே. மாலை 5 மணிக்கு மேல் உள்ள மூன்றரை மணி நேரம் இன்னும் இருட்டுதான். அதில் ஓடியிருப்பான் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம், எழுதிக்கொள்ள முடியாது.

வளவுவீட்டு மருமகள், கானாடுகாத்தான்

இன்னொரு வாரம் கட்டலாமா என்று மாணவி கேட்கிறார். அப்பத்தாவே சரி என்றுவிட்டார், பழைய வேட்டித் துணியில் உறை தைத்துத் தருகிறாராம், தோலில் எலாஸ்டிக் படாது. ஆனால் அடுத்த வாரம் கொப்புடையம்மன் திருவிழாவுக்குக் காரைக்குடி போகிறோம், இரவு வெகுநேரம் ஆகும். வீட்டில் காதுகுத்து வேறு இருக்கிறது. அந்த வாரமே கட்டலாமா, தள்ளிப் போடவா?

பள்ளத்தூர் ஆச்சி

காதுகுத்துப் பிள்ளை இவனா? அப்படியென்றால் தள்ளிப் போடு. அழுகிற பிள்ளைக்குப் பெல்ட் எதற்கு?

வளவுவீட்டு மருமகள், கானாடுகாத்தான்

இவன் இல்லை ஆச்சி, நாத்தனார் மகள்.

அளவுகோல்

வழக்கமான வாரம் வேண்டுமென்றால் திருவிழா முடிந்த பிறகு கட்டுங்கள். பள்ளி நாளும், சனி ஞாயிறும் சேர்ந்து வர வேண்டும், இரண்டிலும் பிள்ளையின் நாள் வேறு மாதிரி இருக்கும். போதுமான மணி நேரம் கட்டிய நாள்களைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் மாலையில் கழற்றினால் குளித்ததும் திரும்பக் கட்டிவிடுங்கள். தோல் தடித்தால் கழற்றியே வையுங்கள், அதில் மாற்றமில்லை.

தாளில் நீங்களாக நான்கு கட்டம் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: பகல் தூக்கம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பெல்ட் கழற்றிய நேரம், திரும்பக் கட்டிய நேரம். இரவுக்கு விளக்கு அணைத்த நேரம் ஒன்று, உண்மையில் தூங்கிய நேரம் ஒன்று. ஸ்கூட்டரில் போனாலும் இடுப்பில் தூக்கி வைத்தாலும் ஓரத்தில் குறியுங்கள். அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள், வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி வந்துவிடும்.